குடும்பக் கதைகள்: ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது?

#1 வேப்பங்காற்று

காக்கா வடை, சிங்கம் முயல் கதைகளுக்கு இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் இருக்கு. இந்த இழையில நம்ம வீட்டுக் கதைகளை மட்டும் பேசலாம். தாத்தா பாட்டி, அத்தை மாமா, பழைய வீடு, கிணறு, மாடு, பிள்ளை பிறந்த நாள், இதெல்லாம்.

எந்த வயசுல எந்தக் கதை? எவ்வளவு நேரம்? பாதியில பிள்ளை எழுந்து ஓடிட்டா தப்பு எங்க இருக்கு? தாத்தா பாட்டி வேற ஊர்ல இருந்தா என்ன செய்யலாம்? "கதை சொல்றது நல்லது"ன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால செய்முறையா, விவரமா எழுதுங்க.

#2 தென்னந்தோப்பு (குழந்தைகள் பேச்சு, மொழி வளர்ச்சித் துறை)

குடும்பக் கதையில் இரண்டு வகை உண்டு. பிள்ளையும் கூட இருந்த நிகழ்ச்சி ஒன்று: நேற்று சந்தையில் நடந்தது, போன வாரம் காய்ச்சல் வந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் நடந்தது இன்னொன்று. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது வகையில் தொடங்குகிறார்கள். பிள்ளை ஓடிவிடுவது அதனால்தான். "தாத்தா சின்னப் பையனா இருந்தப்போ" என்பது இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏறவே ஏறாது. அதற்குத் தெரிந்த தாத்தா நரைத்த முடியோடு நாற்காலியில் இருப்பவர். அவருக்கு ஏது சின்ன வயது?

ஒன்றரை வயது முதல் மூன்று வரை: அன்றைக்கோ முந்தின நாளோ நடந்தது மட்டும், ஒன்றிரண்டு நிமிடம். மூன்றிலிருந்து நான்கு வரை: "நீ குட்டிப் பாப்பாவா இருந்தப்போ" கதைகள், மூன்று நான்கு நிமிடம். நான்கு வயதுக்கு மேல் அம்மா, அப்பா சின்ன வயதில் செய்த குறும்பு. ஐந்து, ஆறில் தாத்தா பாட்டி, பழைய ஊர். பத்து நிமிடம் வரை போகலாம். இது கோடு போட்ட கணக்கு இல்லை. ஆனால் வரிசை மாறினால் கதை பிடிபடாது.

முதல் வகையைப் பலர் கதையாகவே எண்ணுவதில்லை. ஆய்வில் மிக உறுதியான ஆதாரம் இருப்பதோ அதற்குத்தான். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் எலெயின் ரீஸ் குழுவினர், ஒன்றரை இரண்டு வயதுப் பிள்ளைகளின் தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு, நடந்ததை விரித்துப் பேசும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போலப் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளை 15 வயதில் மறுபடி பார்த்தபோதும், தங்கள் வாழ்க்கையைக் கோவையாகச் சொல்வதில் வேறுபாடு தெரிந்தது.

அந்த முறையில் புதுக் கருவி எதுவும் இல்லை. கேள்வி கேட்கும் விதம்தான்.

பிழையான முறை:
"நேத்து எங்க போனோம்? சொல்லு. எங்க போனோம்? மறந்துட்டியா? மாமா வீட்டுக்குத்தானே?"

சரியான முறை:
"நேத்து மாமா வீட்ல கன்னுக்குட்டி பார்த்தோம்ல. நீ கையை நீட்டினியே, அது என்ன பண்ணுச்சு?"
"நக்குச்சு."
"ஆமா, நக்குச்சு! நாக்கு எப்படி இருந்துச்சு?"
"சொரசொரன்னு."
"சொரசொரன்னு இருந்துச்சு. நீ கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டே. பயமா இருந்துச்சா, கூச்சமா இருந்துச்சா?"

இதில் நடப்பதைக் கவனியுங்கள். பெரியவர் முதலில் கொஞ்சம் தகவல் தருகிறார். பிறகுதான் கேட்கிறார். பிள்ளையின் சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லி ஒப்புக்கொள்கிறார், அதன்மேல் ஒரு துண்டு சேர்க்கிறார். பிள்ளை பதில் சொல்லாவிட்டால் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பதில்லை. பதிலைத் தானே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் பிள்ளைக்கு அது பரீட்சை. கேட்டபின் ஐந்து விநாடி பொறுங்கள். நம் வீடுகளில் அந்த ஐந்து விநாடிக்குள் யாராவது ஒருவர் பதிலை எடுத்துக்கொடுத்துவிடுகிறார்கள்.

உணர்ச்சிச் சொற்களிலும் கஞ்சத்தனம் வேண்டாம். "அழுதான், சிரிச்சான்" என்பதோடு நிற்காமல் ஏக்கம், கூச்சம், வெட்கம், ஏமாற்றம், பொறாமை என்று பெயர் சொல்லுங்கள். எதனால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#3 கரிசல்காடு (அங்கன்வாடி)

தென்னந்தோப்பு எழுதினது நடந்ததைப் பேசுற முறை. நான் சொல்ற முறையைப் பத்தி எழுதுறேன். கதை சொல்றதுக்குத் தமிழ்லயே ரெண்டு பிடி இருக்கு. ஒண்ணு "ம்" கொட்டுறது. இன்னொண்ணு வினைச்சொல்லுக்குப் பின்னால வர்ற "ஆம்".

"ம்" கொட்டுறதுதான் பிள்ளையோட பங்கு. ஒவ்வொரு வாக்கியம் முடிஞ்சதும் ஒரு மூச்சு நிறுத்தணும். பிள்ளை "ம்" சொன்னாத்தான் அடுத்த வாக்கியம். மூணு வயசுப் பிள்ளைக்கு இதை முதல்லயே பழக்கிடலாம்: "நீ ம் கொட்டினாத்தான் கதை நகரும்." "ம்" சத்தம் தேய்ஞ்சா பிள்ளைக்குத் தூக்கம். "ம்" சீக்கிரம் சீக்கிரம் வந்தா நீங்க மெதுவா போறீங்க. ரெண்டு வாக்கியமா "ம்" வரலைன்னா புரியாத சொல் ஏதோ வந்துருச்சு. பின்னாடி போய் எடுத்துச் சொல்லணும்.

"ஆம்" எதுக்குன்னா, சொல்றவர் கண்ணால பார்க்காததுக்கு. "போனாங்க"ன்னா நான் பார்த்தேன். "போனாங்களாம்"னா எனக்கு யாரோ சொன்னாங்க. குடும்பக் கதையில இதை ஒழுங்கா வச்சுக்கிட்டா, எது அம்மா பார்த்தது, எது பாட்டி சொன்னதுன்னு பிள்ளைக்குத் தானா பிரிஞ்சுரும். பதற்றமான இடத்துல மட்டும் "ஆம்"மை விட்டுடுங்க. காட்சி கண்ணு முன்னால வந்துரும்.

ஒரு மாதிரிக் கதை. அடைப்புல "ம்" வர்ற இடத்துல நிறுத்தணும்.

"நம்ம சொம்புப் பாட்டி இருக்காங்கள்ல, அவங்க உன்னை மாதிரி குட்டியா இருந்தாங்களாம். (ம்) ஒரு நாள் காலைல தண்ணி எடுக்கக் கிணத்தடிக்குப் போனாங்களாம். (ம்) கையில வெண்கலச் சொம்பு. எட்டிப் பார்த்தாங்களாம். உள்ள ஒரு தவளை! (ம்) தவளையைப் பார்த்த ஜோருல கை நழுவிருச்சு. சொம்பு... தொபுக்கடீர்! (ம்) பாட்டிக்குப் பயம் வந்துருச்சு. அம்மா கேட்டா என்ன சொல்றது? பக்கத்து வீட்டுப் பெரியம்மாகிட்ட ஓடினாங்களாம். (ம்) பெரியம்மா பாதாளக் கரண்டியைக் கயித்துல கட்டி உள்ள விட்டாங்களாம். கிணிங், கிணிங்னு சத்தம். முதல் தடவை வந்தது ஒரு ஓட்டை வாளி. (ம்) ரெண்டாவது தடவை வந்தது யாரோ எப்பவோ தொலைச்ச கரண்டி. (ம்) மூணாவது தடவை வந்தது..."

இங்க நிறுத்துங்க. பிள்ளை "சொம்பு!"ன்னு கத்தணும்.

"அந்தச் சொம்புதான் நம்ம அலமாரில இருக்கு. அடியில நசுங்கியிருக்கும். தொட்டுப் பாரு."

ஒரே ஆள், ஒரே இடம், ஒரே தவறு, உதவிக்கு வந்தவர் ஒருத்தர், இன்னைக்கும் கையில தொடக்கூடிய பொருள் ஒண்ணு. இவ்வளவுதான் வேணும். நிறுத்தாமச் சொன்னா ஒன்றரை நிமிஷம், பிள்ளை குறுக்க வந்தா நாலு நிமிஷம். கிணறு யாருது, அது எந்த வருஷம், பெரியம்மா என்ன முறை வேணும்னு ஆரம்பிச்சீங்கன்னா சொம்பு விழுறதுக்குள்ள பிள்ளை எழுந்து போயிரும். பாதாளக் கரண்டின்னா என்னன்னு கண்டிப்பா கேட்கும். கொக்கி கொக்கியா இருக்கும்னு விரலை வளைச்சுக் காட்டினாப் போதும், அங்கேயே நின்னு பாடம் எடுக்காதீங்க.

அடுத்த நாள் அதே கதையைக் கேட்கும். அதையே சொல்லுங்க. தொபுக்கடீர், கிணிங், வாளி, கரண்டி, சொம்பு, இந்த வரிசை மாறக்கூடாது. மாத்தினா பிள்ளை திருத்தும். அப்படித் திருத்துதுன்னா கதை அதுக்குச் சொந்தமாயிருச்சுன்னு அர்த்தம். அஞ்சாறு தடவைக்கப்புறம் "தொபுக்கடீர்" வர்ற இடத்துல நீங்க வாயை மூடிக்கலாம். பத்து தடவைக்கப்புறம் பாதிக் கதையைப் பிள்ளையே சொல்லிரும்.

#4 வேப்பங்காற்று

அருமை. ஒரு சந்தேகம். பெரிய குடும்பத்துல பிள்ளைக்கு ஆள் குழப்பம் வருது. அப்பத்தா, அம்மாச்சி, பெரிய தாத்தா, சின்னத் தாத்தான்னு நாலு பேரைச் சொன்னாலே முழிக்குது. அப்புறம், எந்த நேரத்துல சொல்றது? ராத்திரி ரெண்டு பேருமே களைச்சுப் போயிருக்காங்க.

#5 கரிசல்காடு

ஆளுக்கு ஒரு அடையாளம் குடுங்க. சொம்புப் பாட்டி, சைக்கிள் தாத்தா, மாம்பழ அத்தை. முறையும் பேரும் பின்னால வரும். "அப்பாவோட அம்மா"ங்கிறது நாலு வயசுல வாய்க்கு வரும், ஆனா "அப்பாவும் ஒரு காலத்துல பிள்ளை"ன்னு மனசுல நிக்கக் கொஞ்ச நாள் ஆகும். அஞ்சு போட்டோ போதும். கூட்டமா நிக்கிற கல்யாண போட்டோ வேண்டாம், முகம் பெருசா தெரியிற போட்டோவா எடுங்க. தாத்தாவோட சின்ன வயசுப் படமும் இப்போதைய படமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ரொம்ப உதவும்.

நேரத்தைப் பொறுத்தவரைக்கும், கை வேலையா இருக்கிறப்போ வர்ற கதைக்கு ஈடே இல்லை. பட்டாணி உரிக்கிறப்போ, அவரைக்காய் ஆயிறப்போ, தலை பின்னுறப்போ, எண்ணெய் தேய்க்கிறப்போ. பிள்ளை உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டே உட்கார வேண்டியதில்லை, நீங்களும் நடிக்க வேண்டியதில்லை. கரண்ட் போற நேரமும் நல்ல நேரம்தான்.

சோறு ஊட்டுறப்போ சொல்றதுல ஒரு எச்சரிக்கை. நிலாச்சோறு நம்ம வழக்கம்தான். ஆனா கதையில வாயைப் பிளக்க வச்சுத் திணிக்கிறதா அது மாறக்கூடாது. வயிறு நிறைஞ்சது பிள்ளைக்கே தெரியாமப் போயிரும். வாய் நிறைய சோறு இருந்தா "ம்" எப்படிக் கொட்டும்? ராத்திரின்னா பயக் கதை வேண்டாம், புதுக் கதையும் வேண்டாம். நல்லாத் தெரிஞ்ச பழைய கதை ஒண்ணு, கடைசியில "கதை முடிஞ்சது கத்தரிக்கா காய்ச்சது". அந்த வரி வந்தா அதுக்கு மேல இல்லைன்னு பிள்ளைக்குப் பழகிரும்.

#6 நூல்கண்டு

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் உருவாக்கிய 20 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அம்மா அப்பா எப்படிச் சந்தித்தார்கள், உன் பெயர் எப்படி வந்தது, இப்படிப் போகும். அதிகம் பதில் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு அதிகமாக இருந்தது என்று கண்டார்கள். நம் வீட்டுக்கு ஏற்றபடி ஒரு பட்டியல் போட்டு, வாரம் இரண்டு கேள்வி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பத்து வாரத்தில் முடிந்துவிடுமே?

#7 தென்னந்தோப்பு

நூல்கண்டு, பட்டியல் உண்மை. அதைப் பயன்படுத்த நீங்கள் சொல்லும் வழிதான் பலிக்காது.

அந்த ஆய்வு காட்டியது ஒரு தொடர்பை. பதில் தெரிந்ததால் தன்மதிப்பு வந்தது என்று அது நிறுவவில்லை. பதில் தெரிகிற பிள்ளை, சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து பயணம் போய், விடுமுறைக்கு உறவினர் வீட்டில் தங்கி, ஒரே கதையைப் பல வாயால் கேட்டிருக்கும். டியூக்கே இதைச் சொல்லியிருக்கிறார்: இருபது பதிலையும் மனப்பாடம் செய்வித்தால் பலன் வராது, அந்தப் பதில்கள் வந்து சேர்ந்த வழியில்தான் பலன் இருக்கிறது. தவிர, அந்தப் பட்டியல் பெரிய பிள்ளைகளுக்கானது. நான்கு வயதுப் பிள்ளையிடம் நீட்டக்கூடாது.

பட்டியலைப் பெரியவர்களிடம் கொண்டுபோங்கள். உங்களுக்கே எத்தனைக்குப் பதில் தெரியவில்லை என்று பாருங்கள். தெரியாத ஒன்றை அத்தையிடம் பிள்ளையின் முன்னாலேயே கேளுங்கள். அம்மாவுக்கும் தெரியாதது உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதைப் பிள்ளை அப்போது பார்க்கிறது.

இன்னொன்று. கூட்டுக் குடும்பமோ தனிக் குடும்பமோ, நம் பக்கம் அப்பா வழிக் கதைகளே கூடத்தில் ஒலிக்கும். அம்மா வழி ஊர், அம்மாவின் அம்மா பட்டபாடு எல்லாம் சமையலறைக்குள் தாழ்ந்த குரலில் நின்றுவிடும். கணக்குப் பார்த்தால் பல வீடுகளில் ஒரு பாதியே இருக்காது. அதைச் சரிசெய்வது இருபது கேள்வியை முடிப்பதை விடப் பெரிய வேலை.

#8 மணிக்கூண்டு

எல்லாம் சரி. ஆனா கதையோட முடிவுல நீதி சொல்லாம விடுறது எனக்கு ஒப்பலை. தாத்தா கஷ்டப்பட்டுப் படிச்சார்னு சொன்னா, "அதனால நீயும் படிக்கணும்"னு ஒரு வார்த்தை சேர்த்தா என்ன குறைஞ்சுரும்? நம்ம முன்னோர் நீதி சொல்லித்தானே வளர்த்தாங்க? சும்மா சொம்பு விழுந்த கதையால பிள்ளைக்கு என்ன பயன்?

#9 கரிசல்காடு

மணிக்கூண்டு ஐயா, அக்கறையாத்தான் கேட்குறீங்க. நீதி வேண்டாம்னு நான் சொல்லலை. அது கதைக்குள்ளயே இருக்கணும்னு சொல்றேன். சொம்பைத் தொலைச்ச பாட்டி, அம்மாகிட்ட மறைக்கலாமான்னு யோசிக்கிறாங்க, ஆனா ஓடிப் போய் உதவி கேட்கிறாங்க. பெரியம்மா திட்டாம கயிறு எடுக்கிறாங்க. தப்பு பண்ணினா யார்கிட்டயாவது போய்ச் சொல்லலாம்ங்கிறது பிள்ளைக்கு இதுலயே போய்ச் சேருது. "அதனால நீயும்"னு நீங்க வாயெடுத்ததும் அதுவரைக்கும் பாட்டியா இருந்த பிள்ளை திரும்பவும் குற்றவாளிக் கூண்டுல ஏறிரும். அடுத்த தடவை "தாத்தா..."ன்னு ஆரம்பிச்சாலே, படிக்கச் சொல்லப் போறாங்கன்னு நழுவிடும்.

தாத்தா படிச்ச கதையைச் சொல்லுங்க. எப்படிச் சொல்லணும்னா, தெருவிளக்கு அடியில என்ன பூச்சி வந்துச்சு, எந்தப் பாடத்துல அவர் தோத்தாரு, அன்னைக்கு வீட்டுக்கு எப்படிப் போனாரு, யாரு சோறு போட்டாங்க. ஜெயிச்சதை மட்டும் சொன்னா அவர் சாமி மாதிரி ஆயிருவாரு. தோத்து எழுந்ததைச் சொன்னாத்தான் தாத்தா. ஏறினது, இறங்கினது, திரும்ப ஏறினதுன்னு வர்ற குடும்பக் கதைதான் பிள்ளைக்கு அதிகம் கைகொடுக்கும்னு டியூக்கும் சொல்றாருன்னு படிச்சிருக்கேன். தென்னந்தோப்புக்குத் தெரிஞ்சிருக்கும்.

வேற பிள்ளைகளோட ஒப்பிடுற கதையும் வேண்டாம். "உன் வயசுல உங்க அக்கா..."ன்னு தொடங்குற எதுவும் கதையில சேராது.

#10 பனங்கூடல் (ரொறன்ரோ)

எங்கட பக்கத்துப் பிரச்சினை வேறை. பேரப்பிள்ளையளின்ர அம்மம்மா, அப்பப்பாவின்ர கதையில பாதி இடம்பெயர்வு. போர் நடந்த நேரம், 1995 அக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்தது. அதை அஞ்சு வயதுப் பிள்ளைக்குச் சொல்லுறதோ, மறைக்கிறதோ?

முழுக்க மறைக்கிறது சரிவராது. பெரியாக்கள் கதைக்கேக்க குரல் மாறுறதைப் பிள்ளை கவனிக்கும். சொல்லாமல் விட்ட இடத்தைத் தன்ர கற்பனையால நிரப்பும், அது நடந்ததை விடப் பயங்கரமாயும் இருக்கலாம். அதுக்காக எல்லாத்தையும் கொட்டவும் கூடாது. அஞ்சு, ஆறு வயதுக்கு மூண்டு விசயம் போதும்: வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது, கன பேர் சேர்ந்து நடந்தவை, ஆர் ஆரைக் கையில பிடிச்சுக்கொண்டு போனவை. என்னத்தைத் தூக்கிக்கொண்டு போனவை எண்டதைப் பிள்ளையள் விரும்பிக் கேட்பினம். சைக்கிள் கரியரில கட்டின தையல் மெசின், ஈரமான பாய், கோழி. இறந்தவையின்ர கதை, காயம், பிணம் எல்லாம் பிறகு, பிள்ளை தானாகக் கேட்கிற வயதில.

கதையைப் பாலத்தில விட்டிட்டு எழும்பக் கூடாது. கதை முடியிற இடம் ஒரு பாதுகாப்பான இடமாக இருக்க வேணும்: சாவகச்சேரியில ஒரு வீட்டுக்காரர் கதவு திறந்தது, தேத்தண்ணி தந்தது. "இப்ப அம்மம்மா எங்க? இஞ்சதான், எங்களோட" எண்டு நிகழ்காலத்துக்குக் கொண்டு வந்து முடியுங்கோ. நித்திரைக்கு முன்னம் இதைச் சொல்லாதேங்கோ. பகலில, மடியில வைச்சுக்கொண்டு சொல்லுங்கோ. சொல்லுறவருக்கே அழுகை அடக்கேலாத கதையெண்டால் அதை வேறை ஒராள் சொல்லுறது நல்லது. கண் கலங்கினால் பரவாயில்லை, "அம்மம்மாக்கு அந்த வீட்டை நினைச்சால் ஏக்கம்" எண்டு பெயர் சொல்லிவிடுங்கோ.

மொழிச் சிக்கலுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தமிழ் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில மறுமொழி சொன்னால் கதையை நிப்பாட்டித் "தமிழில சொல்லு" எண்டு கேட்காதேங்கோ. பிள்ளை சொன்னதையே தமிழில திருப்பிச் சொல்லிக்கொண்டு போங்கோ. திரும்பத் திரும்ப வாற இடம் மட்டும் தமிழில பிள்ளையின்ர வாயால வரட்டும். தொபுக்கடீரை ஆங்கிலத்தில சொல்லேலாது.

#11 ஒலிப்பேழை (ஒலிப்பதிவு)

தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டிக்காக இரண்டு வழி எழுதுகிறேன். ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

முதல் வழி நேரடி வீடியோ கால். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல், ஒன்றரை வயதுக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொன்னபோதும் வீடியோ காலுக்கு விலக்கு அளித்தது. எதிரில் இருப்பவர் பிள்ளைக்கு மறுமொழி சொல்கிறார் என்பதே காரணம். பதிவு செய்த வீடியோவில் அது கிடையாது. காலில் "என்ன சாப்பிட்டே, ஸ்கூல் போனியா" என்று விசாரித்தே பத்து நிமிடம் போகிறது. அதற்குப் பதில், பேசுவதற்கு முன்னாலேயே பாட்டியிடம் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: அஞ்சறைப் பெட்டி, பாக்குவெட்டி, பழைய தாவணி. பொருளைக் காட்டியபடி ஒரே கதை, ஐந்து நிமிடம். பிள்ளையின் பக்கம் இன்னொரு பெரியவர் உட்கார்ந்து "ம்" கொட்ட வேண்டும். இணையத்தில் குரல் அரை விநாடி தாமதமாக வருவதால் பிள்ளையின் "ம்" பாட்டியின் அடுத்த வாக்கியத்தோடு மோதும். இன்னும் நீளமாக நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி ஒலிப்பதிவு. இது பிள்ளைக்காக மட்டுமல்ல, குடும்பத்துக்காகவும். மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் அடுப்பில் இருந்தால் இறங்கட்டும். ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, நான்காக மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேசை அதிர்வு ஏறாது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். பல ஃபோன்களில் மைக் அடிப்பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் அவரைப் பார்த்து இருக்கட்டும். ஒரு கதைக்கு ஒரு கோப்பு. இரண்டு மணி நேரம் ஒரே பதிவாக எடுத்தால் பிறகு யாரும் கேட்பதில்லை. கோப்பின் பெயரில் தேதி, ஆள், பொருள் மூன்றும் வரட்டும்: "2025-05-11 அப்பத்தா கிணறு". வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள்.

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று தொடங்கினால் பெரியவர்கள் பிறந்த தேதியில் ஆரம்பித்துத் திணறிப்போவார்கள். "கிணத்தடியில எந்தப் பக்கம் கல்லு இருந்துச்சு?" என்று கேளுங்கள். இடம் நினைவுக்கு வந்தால் ஆட்கள் தாமாக வருவார்கள். முக்கியமாக, பிள்ளையைக் கூடவே உட்கார வையுங்கள். ஃபோனைப் பார்த்துச் சொல்பவர் சுருக்கிவிடுவார், பிள்ளையைப் பார்த்துச் சொல்பவர் நடித்தே காட்டுவார்.

#12 தென்னந்தோப்பு

கரிசல்காடு கேட்டதற்கு: ஆம், டியூக் சொல்வது அதுதான். திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையைப் பலமுறை கேட்ட 3 வயதுப் பிள்ளைகள், அதே புதுச் சொற்களை வேறு வேறு கதைகளில் கேட்ட பிள்ளைகளை விட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அது புத்தகக் கதைகளில் செய்தது. வாய்க் கதைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

பிள்ளை திருப்பிச் சொல்லும்போது திருத்த அவசரப்படாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளை தவளை தாவுவதுபோலச் சொல்லும்: சொம்பு, உடனே வாளி, பிறகு தவளை. ஐந்து வயதில் வரிசை வரும், ஆனால் உச்சத்தில் டக்கென்று நின்றுவிடும். ஆறு வயதுவாக்கில்தான் தொடக்கம், சிக்கல், முடிவு மூன்றும் கூடும். "அப்புறம், அப்புறம்" என்று மட்டுமே கோத்தால், நீங்கள் சொல்லும்போது "அதனால", "ஆனா", "அதுக்குள்ள" ஆகியவற்றை அழுத்திச் சொல்லுங்கள். சில வாரங்களில் பிள்ளையின் பேச்சிலும் வரும்.

ஒரு பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்", "குப்பைத்தொட்டியில இருந்து எடுத்துட்டு வந்தோம்." உறவினர் கூட்டத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வேடிக்கையென்று தெரியாது. நடக்காத ஒன்றைப் பலமுறை விசாரித்தால், பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளில் பலர் அது நடந்ததாகவே நம்பி விவரம் சேர்த்துச் சொல்வதை ஸ்டீபன் செசி, மேகி ப்ரக் ஆகியோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சொன்னதை நம்பும் வயது அது. அந்த இடத்தில் பிறந்த நாள் கதையைச் சொல்லுங்கள். மழையா வெயிலா, யார் முதலில் தூக்கியது, எந்தத் துணியில் சுற்றினார்கள், பெயரை யார் சொன்னார்கள். தத்தெடுத்த பிள்ளைக்கு வீட்டுக்கு வந்த நாளின் கதை. அன்று யார் யார் வாசலில் நின்றார்கள் என்பது வரை. எந்தப் பிள்ளையும் மிக அதிகமுறை கேட்கும் கதை இதுதான்.

பிள்ளை படுக்கையை நனைத்தது, பயந்து அழுதது போன்றவற்றை அதன் முன்னால் விருந்தினருக்குச் சொல்லாதீர்கள். அந்தக் கதைக்குச் சொந்தக்காரர் பிள்ளை.

சாதிப் பெருமை கலந்த கதைகள் பல வீடுகளில் உண்டு. "நம்ம தாத்தா வந்தா ஊரே எழுந்து நிக்கும்" என்பது பிள்ளையின் வாயில் பள்ளிக்குப் போகும், அங்கே இன்னொரு பிள்ளையின் தாத்தாவைத்தான் அது எழுந்து நிற்கவைக்கிறது. அதை வெட்டுங்கள். அவமானப்பட்ட பக்கத்துக் கதை என்றால் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆறு வயதுக்குள் அவசரமில்லை. சொல்லும் காலம் வரும்போது, அன்று கூட நின்றவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

#13 வேப்பங்காற்று

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு. ஒரே கதையை அத்தை ஒரு மாதிரி, அப்பா ஒரு மாதிரி சொல்றாங்க. சைக்கிள்ல இருந்து விழுந்தது யாருங்கிறதுலயே சண்டை. பிள்ளை "எது நிஜம்?"னு கேட்டா?

#14 கரிசல்காடு

ரெண்டையும் சொல்லுங்க. "அத்தை சொல்றாங்க, அப்பாதான் விழுந்தாராம். அப்பா சொல்றாரு, அத்தைதான் தள்ளிவிட்டாங்களாம்." இதுக்குத்தான் நம்ம "ஆம்" இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கிற நாளாப் பார்த்து பிள்ளையையே கேட்க விடுங்க. பெரியவங்க குறுக்க பேசாம, ஆளுக்கு ஒரு முறை முழுசா சொல்லட்டும். "ம்" கொட்டுறது பிள்ளை. காயம் எந்த முழங்கால்லன்னு கேட்கச் சொல்லுங்க, தழும்பு இருந்தாலும் இருக்கும்.